இரத்தக் கொழுப்புக் கணக்கு: முதல் வரி மட்டும் போதுமா?

சென்ற மாசி மாதத்தில், மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கொடை நிறைவுற்றுத் திருவிழாக் கடைகள் பிரிக்கப்பட்டுக் கொண்டிருந்த நாட்களில், அவ்வட்டாரத்துச் சங்கமொன்றின் ஆண்டு ஆய்வுக்காக நாம் சென்றிருந்தோம். பேரேடும் ரொக்கப் புத்தகமும் பார்த்து முடிந்த பின்னர், காலஞ்சென்ற உறுப்பினர் ஒருவரின் பங்குத் தொகையை வாரிசுக்கு வழங்குவது பற்றிய கோப்பு நம் முன் வைக்கப்பட்டது. தென்னந்தோப்பும் சிறு கயிற்றுத் தொழிலும் உடையவர் அவர், வயது 46. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சில் வலி என்று எழுந்தவர், வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சுக்கு வெள்ளம் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தார், மீண்டும் எழவில்லை.

அவருடைய மனைவியார் கொண்டுவந்திருந்த காகிதங்களுக்கிடையில், இறப்புச் சான்றிதழுடன் சேர்ந்து, ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருந்தது. இறப்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர் எடுத்தது. நாம் அதனைக் கையில் எடுத்ததைக் கண்ட அம்மையார், "கொழுப்பு ஒண்ணும் இல்லைன்னுதானே சாரே சொன்னாவ. இருநூறுக்குக் கீழேதானே இருந்து?" என்று கேட்டார். சீட்டின் முதல் வரியில் மொத்தக் கொலஸ்டிரால் 190 என்றிருந்தது. அவர் கூறியது முற்றிலும் உண்மையே. ஆயினும் அச்சீட்டில் இன்னும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றை எவரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாம் மருத்துவரல்லர், கணக்குப் பார்ப்பதே நமது தொழில். ஆனால் ஒரு சங்கத்தின் நிலையை ஐந்தொகைக் குறிப்பின் முதல் வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யும் ஆய்வாளரை எந்த உறுப்பினரும் மன்னிக்க மாட்டார். நம் உடலின் கணக்கை மட்டும் அவ்வாறு பார்த்துத் திருப்தியடைவது முறையாகுமோ? இக்கேள்வியின் தூண்டுதலால், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் நாம் அறிந்தவற்றை உறுப்பினர்களின் முன் வைக்கின்றோம்.

நம்மவருக்கு ஏன் இவ்வளவு முன்னதாக?

மாரடைப்பு முதுமையின் நோய் என்று எண்ணுவது நம் நாட்டைப் பொறுத்தவரை பொருந்தாது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியாகிய கொட்டாரக்கரையில் பிறந்து, பின்னர் கனடா நாட்டில் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் சலீம் யூசுப் அவர்களின் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்ற 'இண்டர்ஹார்ட்' என்னும் பேராய்வு 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாரடைப்புக்கு உள்ளானோர் சுமார் 15,000 பேரையும், அவர்களோடு ஒப்பிடத்தக்க நலமுள்ளோர் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரையும் அவ்வாய்வு கணக்கிட்டது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி முதலிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்பின் பழியில் பத்தில் ஒன்பது பங்கைச் சுமக்கின்றன என்பது அதன் முடிவு. அதன் தொடர்ச்சியாக 2007-இல் வெளிவந்த மற்றொரு கணக்கு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாட்டினருக்கு அது 59 என்றும் கூறிற்று. ஆறு ஆண்டு வேறுபாடு என்பது ஒரு குடும்பத்தில் மகளின் திருமணமாக இருக்கலாம். மகனின் படிப்பாக இருக்கலாம். தறிக்கோ தோப்புக்கோ வாங்கிய கடனின் கடைசித் தவணையாகவும் இருக்கலாம்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவும், 35.5 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக அது தெரிவித்தது. இரத்தக் கொழுப்பு அளவுகளுள் ஏதேனும் ஒன்றாவது பிழைபட்டிருந்தோர் நூற்றுக்கு 81 பேர். எனவே இது வசதி படைத்த சிலரின் நோயன்று. சங்கத்தின் வரவேட்டில் கையெழுத்திடும் நம் அனைவரின் செய்தியுமாகும்.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. தலைவலி வந்தால் மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்து கொள்வது நம் பக்கத்து வழக்கம். தலைவலியாவது வந்திருப்பதைத் தெரிவிக்கின்றது. இரத்தக் கொழுப்போ வலிப்பதில்லை, அரிப்பதில்லை, தூக்கத்தைக் கெடுப்பதுமில்லை. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், சராசரி 22 வயதே நிரம்பிய அவ்விளைஞர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோரின் இரத்தக் குழாய்களில் நோயின் தொடக்கத்தைக் கண்டனர் என்று 1953-இல் எழுதினர். நோய் இளமையிலேயே முதலீடு செய்யப்படுகின்றது. முதிர்வுத் தொகைதான் பின்னர் வருகின்றது. கடன் தொகையையும் காலத்தையும் பெருக்கி வட்டி கணக்கிடுவது போலவே, கொழுப்பின் அளவையும் அது நிலைத்திருந்த ஆண்டுகளையும் பெருக்கித்தான் இருதயம் தன் கணக்கைத் தீர்க்கின்றது.

கொழுப்பு பயணம் செய்யும் வண்டிகள்

தேங்காய் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்குமேயன்றிக் கலப்பதில்லை. இரத்தமும் பெரும்பாலும் நீரே. ஆகவே கொழுப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லப் புரதத்தால் போர்த்தப்பட்ட நுண்ணிய உருண்டைகளை உடல் அமைத்துக் கொள்கின்றது. இவற்றைச் சரக்கேற்றிய வண்டிகள் என்று கொள்வோம். எல்.டி.எல். என்பது கல்லீரலிலிருந்து வரும் கொலஸ்டிராலை உடலெங்கும் சுமந்து திரியும் வண்டி. அளவுக்கு மிஞ்சினால் குழாயின் சுவரில் நுழைந்து தங்கி விடுவது இதுவே. ஹெச்.டி.எல். என்பது பெரும்பாலும் திரும்பி வரும் வண்டி. டிரைகிளிசரைடு என்பது நாம் உண்ட எண்ணெய், சோறு, சர்க்கரை ஆகியவற்றின் மிச்சம் எரிபொருளாகச் செல்லும் சரக்கு.

எல்.டி.எல். வண்டிகளை இரத்தத்திலிருந்து பிடித்து இறக்கும் துறைகள் கல்லீரலின் மேல் உள்ளன. அவற்றைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. துறைகள் குறைந்தால் வண்டிகள் தெருவிலேயே திரியும். தெரு என்பது இங்கே நம் இரத்தக் குழாய்.

சாதாரணச் சீட்டில் உள்ள நான்கு எண்கள்

மொத்தக் கொலஸ்டிரால், ஹெச்.டி.எல்., டிரைகிளிசரைடு, எல்.டி.எல். என்னும் நான்கும் வழக்கமான சீட்டில் வருபவை. இவற்றுள் எல்.டி.எல். பல ஆய்வகங்களில் நேரே அளக்கப்படுவதில்லை, கணக்கிட்டே எழுதப்படுகின்றது. பிரீட்வால்டு என்பார் 1972-இல் வகுத்த வாய்பாட்டின்படி, மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கிடைப்பதே அது. டிரைகிளிசரைடு 400-க்கு மேற்பட்டால் இவ்வாய்பாடு பயன்படாது.

இப்போது அந்த உறுப்பினரின் சீட்டுக்கு வருவோம். மொத்தம் 190, ஹெச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 260. டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு 52. எனவே எல்.டி.எல். 190-32-52, அதாவது 106. பார்வைக்குப் பெரிய குற்றமில்லை. ஆனால் ஆண்களுக்கு 40-க்குக் குறையலாகாத ஹெச்.டி.எல். 32 ஆக இருந்தது. 150-ஐத் தாண்டலாகாத டிரைகிளிசரைடு 260 ஆக இருந்தது. (பெண்களுக்கு ஹெச்.டி.எல். 50-க்குக் குறையாதிருத்தல் நலம்.) மேலும் ஒரு கழித்தல் மட்டும் செய்து பாருங்கள்: 190-32=158. ஹெச்.டி.எல். அல்லாத கொலஸ்டிரால் என்று மருத்துவர் கூறுவது இதுவே. குழாய்ச் சுவருக்குத் தீங்கு விளைக்கும் எல்லா வண்டிகளின் சரக்கையும் ஒருங்கே கூட்டிக் காட்டும் எண் இது. இதற்குத் தனிக் கட்டணமில்லை. பென்சிலும் காகிதமும் போதும்.

இந்திய இருதய மருத்துவர் சங்கத்தார் 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நம் நாட்டவருக்கென்றே முதன்முறையாக இரத்தக் கொழுப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டனர். வேறு குறையில்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், ஹெச்.டி.எல். அல்லாத கொலஸ்டிரால் 130-க்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து மிகுந்தவருக்கு இவை முறையே 70, 100. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு முறையே 55, 85. இவ்வெண்கள் யாவும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்னும் கணக்கு.

மறைந்த உறுப்பினருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. அவருக்கு இருக்க வேண்டிய எல்லை 100, இருந்ததோ 158. எச்சரிக்கை சீட்டிலேயே அச்சாகியிருந்தது. அம்மையாரிடம் இதனைக் கூறுவதா, கூறாது விடுவதா என்று நாம் சற்று நேரம் தயங்கினோம். கூறவில்லை. நடந்ததற்குக் கணக்குக் கேட்பதால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய இரு புதல்வர்களுக்கும், இறந்தவரின் தம்பிக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொன்னோம்.

எடையா, எண்ணிக்கையா?

இனி, 'உயர்நிலைப் பரிசோதனை' என்று வழங்கப்படுபவற்றைக் காண்போம். முதலாவது, அப்போ-பி என்பது. இதனை விளக்க நெசவாளருக்கு நாம் வேறு உவமை தேட வேண்டியதில்லை.

840 கெஜம் கொண்டது ஒரு கழி. ஒரு பவுண்டு எடையில் 40 கழி இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். 80 கழி இருந்தால் 80-ஆம் நம்பர் நூல். தராசில் வைத்தால் இரண்டும் ஒரு பவுண்டே. எண்ணிப் பார்த்தாலோ ஒன்று மற்றொன்றின் இரு மடங்கு. தென்னை விவசாயியும் இதனை அறிவார்: ஒரே எடைக்குப் பருத்த காய் குறைவாக நிற்கும், சிறு காய் மிகுதியாக நிற்கும். எடைக்கு விற்பவரும் எண்ணிக்கைக்கு விற்பவரும் ஒரே கணக்குப் பார்ப்பதில்லை.

எல்.டி.எல். கொலஸ்டிரால் என்பது எடைக் கணக்கு. வண்டிகளில் ஏற்றிய சரக்கு எவ்வளவு என்பதைத்தான் அது கூறும். வண்டிகள் எத்தனை என்பதைக் கூறாது. குழாயின் சுவரில் மோதி நுழைவதோ வண்டி. ஆகவே எண்ணிக்கையே முக்கியம். நீரிழிவும் தொந்தியும் மிகுந்த டிரைகிளிசரைடும் உள்ளவரிடத்தில் வண்டிகள் சிறியவையாகவும் சரக்குக் குறைந்தவையாகவும் எண்ணிக்கையில் மிகுந்தவையாகவும் இருப்பதுண்டு. எடை ஒழுங்காகத் தோன்றும். எண்ணிக்கை எல்லை மீறியிருக்கும். நம்மவரிடம் மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே.

தீங்கு செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் அப்போ-பி என்னும் புரதம் ஒன்றே ஒன்று உண்டு; இரண்டில்லை. எனவே அப்புரதத்தை அளந்தால் வண்டிகளை எண்ணியதாகும். ஐரோப்பிய இருதய மருத்துவர்கள் 2019-இல் வகுத்தபடி, நடுத்தர ஆபத்துள்ளவருக்கு அப்போ-பி 100-க்குக் கீழும், மிகுந்த ஆபத்துள்ளவருக்கு 80-க்குக் கீழும், மிக மிக மிகுந்தவருக்கு 65-க்குக் கீழும் இருத்தல் வேண்டும்.

எல்லோருக்கும் இது தேவையா? தேவையில்லை என்றே கூறுவோம். ஹெச்.டி.எல். அல்லாத கொலஸ்டிரால் பெரும்பாலும் இதே செய்தியை இலவசமாகத் தந்து விடுகின்றது. நீரிழிவு, மிகை உடல், டிரைகிளிசரைடு மிகுதி ஆகியவற்றுள் ஒன்று இருந்து, எல்.டி.எல். மட்டும் ஒழுங்காகத் தோன்றினால், மருத்துவரைக் கேட்டு அப்போ-பி பார்த்தல் பொருளுடையது.

வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியது

இரண்டாவது, லிப்போபுரோட்டீன்-ஏ என்பது. நார்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் இதனை 1963-இல் கண்டறிந்து வெளியிட்டார். எல்.டி.எல். போன்ற ஒரு வண்டியின் மேல், வாலைப் போன்று இன்னொரு புரதம் ஒட்டிக் கொண்டிருப்பதே இதன் உருவம். இது குழாய்ச் சுவரில் படிவதுடன், இருதயத்தின் பெருந்தமனி வால்வு இறுகிப் போவதற்கும் காரணமாகின்றது.

இதன் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிறப்பே. தாய் தந்தையரிடமிருந்து தோப்பும் வீடும் வருவது போல இதுவும் வருகின்றது. உணவைக் குறைத்தாலும் நடந்தாலும் இது குறிப்பிடத்தக்கவாறு இறங்குவதில்லை. வழக்கமான ஸ்டாட்டின் மருந்தாலும் இறங்குவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால், ஒருமுறை பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதும். 2024-ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டியும் வாழ்வில் ஒருமுறையேனும் இதனைப் பார்க்கச் சொல்கின்றது. 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கவனத்திற்குரியது. இந்தியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இவ்வாறிருப்பதாக அவ்வழிகாட்டியினர் கூறுகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் மில்லிகிராமிலும், சில நானோமோல் என்னும் வேறோர் அலகிலும் எழுதுகின்றன. மில்லிகிராமில் 50 என்பது நானோமோலில் சுமார் 125. கெஜத்தையும் மீட்டரையும் குழப்பிக் கொண்டால் துணி அளவு என்னவாகும் என்பது நெசவாளருக்குத் தெரியாததன்று.

குறைக்க இயலாததை அறிந்து பயன் யாது என்று கேட்கலாம். பயன் பெரிது. மழை மிகுந்த இடத்தில் வீடு கட்டுபவர் மழையைக் குறைக்க இயலாது; கூரையைச் செப்பனிடலாம். இவ்வளவு மிகுந்தவர் எல்.டி.எல்.-ஐ மற்றவரினும் கீழே வைத்துக் கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்தை ஒழுங்கில் நிறுத்த வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும். உடன்பிறந்தாரையும் மக்களையும் பரிசோதிக்க வேண்டும். இதனைக் குறைக்கவென்றே புதிய ஊசி மருந்துகள் பல்லாயிரவரிடத்துச் சோதிக்கப்பட்டு வந்துள்ளன என்பதும் நம்பிக்கைக்குரிய செய்தி.

இவ்விடத்தில் நம்மைப் பற்றி ஒரு சொல். நம் தந்தையார் 51-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். நாம் முப்பதுகளில் இருக்கின்றோம். மண்டைக்காட்டிலிருந்து திரும்பிய அடுத்த வாரமே நாமும் இரத்தம் கொடுத்தோம். எல்.டி.எல். 138, லிப்போபுரோட்டீன்-ஏ 88. சீட்டைப் பார்த்ததும் உள்ளம் சற்றுக் கலங்கியது என்பதை மறைப்பானேன்? பிறர் கணக்கில் குறை காண்பது எளிது. தன் கணக்கில் குறை கண்டு தெளிவது அரிது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தம்பிக்கும் பார்க்கச் சொன்னார். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 66-க்கு இறங்கியது. 88 அப்படியேதான் இருக்கும். அது தந்தை தந்த சொத்து.

ஒரே குடும்பத்தில் பலருக்கு

எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தால் அது வேறு கதை. கல்லீரலின் இறக்குதுறைகள் பிறவியிலேயே குறைந்திருக்கும் பரம்பரைக் குறையாக அது இருக்கக் கூடும். உலகில் ஏறத்தாழ 250 அல்லது 300 பேருக்கு ஒருவருக்குக் காணப்படுகின்றது. குதிகால் நரம்பு தடித்திருப்பதும் இதற்கு ஓர் அடையாளம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள்ளேயே மணம் செய்யும் குடும்பங்களில், இருபுறத்திலிருந்தும் இக்குறை ஒரு குழந்தைக்கு வந்து சேரவும் கூடும். அக்குழந்தைக்கு இளமையிலேயே மாரடைப்பு நேரலாம். எனவேதான் முதல் பரிசோதனையை 18-ஆம் வயதிலேயே செய்யவும், குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதற்கும் முன்னரே செய்யவும் இந்திய வழிகாட்டி கூறுகின்றது.

வாங்க வேண்டாதவை

அறுபது, எழுபது பரிசோதனைகளை ஒரு கட்டாகக் கட்டித் தள்ளுபடி விலை என்று விளம்பரம் செய்வோர் பலர். மூட்டையாக வாங்கினால் மலிவு என்பது தேவைப்படும் பொருளுக்கே பொருந்தும். எல்.டி.எல். வண்டிகளின் பருமனை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் விலையுயர்ந்த பரிசோதனை, அப்போ-பி தெரிந்தவருக்குப் புதிதாகக் கூறுவது சொற்பமே. உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை, சளி காய்ச்சலிலும் உயரும். நோயுற்ற வாரத்தில் எடுத்தால் வீண் அச்சமே மிஞ்சும். முதலில் நான்கு எண்கள், வாழ்வில் ஒருமுறை லிப்போபுரோட்டீன்-ஏ, தேவைப்பட்டவருக்கு அப்போ-பி, இவற்றுடன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும். இவ்வளவே பெரும்பாலோர்க்குப் போதும்.

முதல் பரிசோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டிய தேவையும் இல்லை என்பது இன்றைய கொள்கை. டிரைகிளிசரைடு மிக உயர்ந்து காணப்பட்டால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் எடுத்தால் போதும். தறியை விட்டு அரை நாள் கூலி இழக்க நேருமே என்று அஞ்சுவோருக்கு இது நற்செய்தி.

நம் அடுக்களையும் தேங்காயும்

தேங்காயைப் பற்றி ஒன்றும் கூறாது விட்டால் தென்னை விவசாயிகள் நம்மைக் கோழை என்பர், கூறினால் கோபிப்பர். உள்ளதை உள்ளவாறே கூறுவோம். 16 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2020-இல் வெளியான கணக்கின்படி, கடலை, சூரியகாந்தி போன்ற பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துகின்றது, ஹெச்.டி.எல்.-ஐயும் 4 அளவு உயர்த்துகின்றது. கேரளத்தில் இருதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டாண்டு நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் மருந்துண்டு வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. ஆகவே தேங்காய் நஞ்சுமன்று. அளவின்றி ஊற்றத்தக்க அமுதமுமன்று. எல்.டி.எல். உயர்ந்தவர் அரைத்த தேங்காயைக் குறைத்து, தாளிக்க வேறு எண்ணெயை மாற்றிக் கொள்வது அறிவுடைமை. குழம்பில் தேங்காயை ஒதுக்கிவிட்டு உப்பேரியும் பப்படமும் பொரித்து உண்பது கணக்காகாது.

டிரைகிளிசரைடை உயர்த்துபவை வேறு: குவித்த சோறு, மரச்சீனி, சர்க்கரையிட்ட தேநீர் நாளொன்றுக்கு ஐந்தாறு, மது. குளச்சல் கரையில் கிடைக்கும் சாளை மீன் இதற்கு நல்ல துணை. பொரிக்காமல் குழம்பாக உண்க. குழித்தறியில் காலாடினாலும் உடல் அமர்ந்தே இருக்கின்றது. மாலையில் அரை மணி நேர நடை நெசவாளருக்கும் தேவை.

உணவும் நடையும் போதாதவிடத்து மருந்துண்டு. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்ததே ஸ்டாட்டின் மருந்தின் தோற்றம். எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பெருந்தொகையினரிடம் கண்ட உண்மை. அது நெடுநாள் உண்ண வேண்டிய மருந்து. எண் இறங்கிவிட்டதென்று நிறுத்துவது, தவணை இரண்டு கட்டிவிட்டுக் கடன் தீர்ந்ததென்று எண்ணுவது போலாகும். தசை வலி முதலியன தோன்றினால் மருத்துவரிடம் கூறி மாற்றிக் கொள்ளலாம், தாமாக நிறுத்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடிப் பார்க்கப்பட்டன. நெஞ்சு வலியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் மூன்றையும் உடனே கொடுத்தனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்தது. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இயங்குகின்றது. எனவே வசதி இல்லாமையன்று, வழக்கம் இல்லாமையே நம் குறை.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவினரிடம் நாம் மூன்று யோசனைகளைக் கூறினோம். முதலாவது, பேரவைக் கூட்ட நாளை ஒட்டி உறுப்பினருக்கும் குடும்பத்தாருக்கும் பரிசோதனை முகாம் நடத்துக. தனித்தனியே கேட்டால் ஒரு விலை. இருநூறு பேர் ஒன்று சேர்ந்து கேட்டால் வேறு விலை. கூட்டுறவின் அரிச்சுவடியே இதுதான். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, முடிவுச் சீட்டு உறுப்பினர் கைக்கே செல்க. சங்கக் கோப்பில் அதன் நகல் இருத்தலாகாது. கடன் மனு பரிசீலனையில் அது பற்றிய பேச்சே எழலாகாது. ஒருவர் இரத்தத்தின் எண்ணைப் பார்த்துக் கடனைக் குறைக்கும் சங்கத்தில், அடுத்த ஆண்டு முகாமுக்கு எவரும் கை நீட்ட மாட்டார்.

மூன்றாவது, சீட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. மருத்துவர் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் நான்கு வரிகளையும் படித்துக் காட்டச் செய்க. அதைச் செய்யாத முகாம் வெறும் படம் பிடிக்கும் விழா.

குழுவினர் சிறிது விவாதித்தனர். "நல்லா இருக்கவனுக்கு எதுக்கு சாரே ஊசி?" என்றார் ஒரு மூத்தவர். நாம் விடை கூறுமுன்னர், இறந்தவரின் தம்பி, அதுவரை பேசாதிருந்தவர், "எங்க அண்ணனும் நல்லாத்தான் பாட்டா இருந்தான்" என்றார். பின்னர் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

முகாம் வைகாசியில் நடைபெற்றது. அத்தம்பிக்கு அப்போ-பி 124 என்று வந்தது; வயது 41. அவருக்கு வலி ஏதும் இல்லை, எல்.டி.எல். சீட்டில் 112 மட்டுமே. இன்று அவர் மாத்திரை உண்கின்றார், பீடியை விட்டுவிட்டார். அண்ணனின் இரு புதல்வர்களில் மூத்தவருக்கும் ஹெச்.டி.எல். குறைவாகவே உள்ளது, இளையவருக்குக் குறையில்லை. மூவர் பெயரும் அடுத்த ஆண்டுப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளன.

உறுப்பினர்களே! நெஞ்சில் பாரமோ, இடக் கையிலும் தாடையிலும் பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையோ தோன்றினால் சுக்கு வெள்ளம் காய்ச்சிக் காத்திராதீர். 108-ஐ அழைத்து உடனே புறப்படுக. அந்நிலை வருமுன்னரே, வீட்டில் எங்கேனும் மடித்து வைத்திருக்கும் பழைய இரத்தச் சீட்டை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். 130-க்கு மேல் வந்தால், அல்லது நீரிழிவு உள்ளவருக்கு 100-க்கு மேல் வந்தால், அச்சீட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு கழித்தற் கணக்குத்தான். அதனைச் செய்யாமல் விட்ட ஒரு குடும்பத்தின் பங்குத் தொகைக் கோப்பில் நாம் கையெழுத்திட்டிருக்கின்றோம். அத்தகைய கோப்பு இன்னொன்று நம் மேசைக்கு வாராதிருக்கட்டும்.